கந்தலும் கலையும்

கிழிந்த துணியை உடனே குப்பையில் எறிவது நம் இல்லங்களின் வழக்கமன்று. உடுத்துப் பழகிய நூற்புடவை மெலிந்தபின் குழந்தைக்குத் தூளியாகின்றது. தூளியும் நைந்தபின் அடுக்களையில் கரித்துணியாகின்றது. அதன் கடைசித் துண்டு விளக்குக்குத் திரியாகி எரிந்து முடிகின்றது. அரிசி சுமந்து வந்த சாக்கும் அவ்வாறே. பிரித்து உதறிப் போட்டால் வாயிலில் கால்மிதி. களத்தில் விரித்தால் தானியம் காயவைக்கும் விரிப்பு. அடைமழையில் ஒரு மூலையை மறுமூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் உழவனுக்குக் கொங்காணி. மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் குடித்தனம் நடத்தும் நேயர்களும் இந்தச் சிக்கனத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

இத்தகைய சாக்கு ஒன்றை, அதன் கிழிசலும் ஒட்டும் கறையும் வெளிப்படத் தெரியும்படி சட்டத்தில் இழுத்துக் கட்டி, கலைக்கூடத்துச் சுவரில் மாட்டி, "இதுவும் ஓவியமே" என்று ஒருவர் கூறினால் நாம் யாது சொல்வோம்? விளையாட்டு என்போம். ஏமாற்று என்போரும் உண்டு. 1950-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலி நாட்டில் பலர் அவ்வாறே சொன்னார்கள். அப்படிச் சாக்கை மாட்டியவர் பெயர் அல்பெர்த்தோ புர்ரி. இருபதாம் நூற்றாண்டின் ஓவிய வரலாற்றை எழுதுவோர் இன்று அவரைத் தவிர்த்து எழுத இயலாது. அவர் செய்தது யாது, அதில் கலை எங்கே இருக்கின்றது, அத்தகைய படத்தின் முன் நிற்கும்போது நாம் எதனைப் பார்க்க வேண்டும் என்பவற்றைச் சிறிது விளக்குவோம்.

உருவம் இல்லாத ஓவியம்

ஓவியம் என்றவுடன் ஏதேனும் ஒரு பொருளின் சாயலைத் தேடுவது நம் கண்ணின் பழக்கம். மனிதன், மரம், தெய்வம், மலை என ஒன்று தென்பட்டால்தான் மனம் அமைதி கொள்கின்றது. ஆயின் செவியின் விஷயத்தில் நாம் இந்த நிபந்தனையை விதிப்பதில்லை. வித்துவான் ஒருவர் தோடி இராகத்தை அரைமணி நேரம் ஆலாபனை செய்கின்றார். அதில் சொல்லில்லை, கதையில்லை. ஆயினும், "இது எந்தப் பொருளைக் குறிக்கின்றது?" என்று சபையில் ஒருவரும் எழுந்து கேட்பதில்லை. ஒரு சுரம் மற்றொரு சுரத்தோடு கொள்ளும் உறவும், நின்று அசையும் இடங்களும், திரும்பி வந்து சேரும் ஆறுதலுமே அங்குப் பொருளாகின்றன. அதுபோலவே கோடும் நிறமும் பரப்பும் எடையும் தம்முள் கொள்ளும் உறவையே பொருளாகக் கொண்ட ஓவியத்தை அரூப ஓவியம் என்கின்றோம். அதற்குச் சாகித்தியம் இல்லை. ஆலாபனை மட்டுமே உண்டு.

ஓவியத்தில் வண்ணத்தைத் தவிர வேறு பொருள்களைச் சேர்க்கும் வழக்கமும் புர்ரிக்கு முன்பே தோன்றிவிட்டது. 1912-ஆம் ஆண்டில் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணித் துண்டு ஒன்றைத் தம் படத்தில் ஒட்டி, படத்தைச் சுற்றிக் கயிற்றையே சட்டமாக வைத்தார். முதல் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்பவர், பயணச்சீட்டு, செய்தித்தாள், துணித்துண்டு, மரச்சில்லு முதலிய கழிவுகளை ஒட்டி அழகிய அமைப்புகளைப் படைத்தார். ஆயினும் பிக்காசோவின் படத்தில் அந்தப் பழந்துண்டு ஒரு விருந்தாளி போலவே வந்து அமர்ந்தது. புர்ரியின் படத்தில் அது வீட்டுக்குடையவன் ஆயிற்று. வண்ணம் ஒதுங்கி நின்று அதற்கு இடம் விட்டது.

மருத்துவர் ஓவியரான வரலாறு

புர்ரி 1915-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள், நடு இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில், சிட்டா டி காஸ்டெல்லோ என்னும் ஊரில் பிறந்தார். அது பழைய ஓவிய மரபு வேரூன்றிய நிலம். பெரும்புகழ் பெறுமுன் இளைஞர் ரஃபேல் அவ்வூர்க் கோயில்களுக்கு ஓவியம் தீட்டித் தந்தார். வறுமையையே விரதமாகப் பூண்ட அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர் வாழ்ந்ததும் அதே உம்பிரியாவில்தான். ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்த அவருடைய முரட்டு அங்கி அசிசியில் இன்றும் போற்றிக் காக்கப்பட்டு வருகின்றது.

புர்ரி ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவரல்லர். பெருஜியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1940-இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. முசோலினியின் படையில் மருத்துவ அதிகாரியாக வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். 1943 மே மாதத்தில் துனீசியாவில் இத்தாலியப் படைகள் தோல்வியுற்றபோது கைதியானார். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹெரிபோர்டு என்னும் ஊருக்கருகே அமைந்த போர்க்கைதிகள் முகாமுக்கு அவரைக் கடல் கடந்து கொண்டுசென்றார்கள்.

அந்த முகாமிலேதான் அவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார். வேலிக்கு அப்பால் தெரிந்த டெக்சஸ் சமவெளி அவருடைய தொடக்கப் படங்களுள் ஒன்றின் பொருளாயிற்று. 1946-இல் தாயகம் திரும்பியபின் அவர் மீண்டும் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளவில்லை. முப்பது வயதைக் கடந்தவர், கற்ற தொழிலைக் கைவிட்டு, கல்லாத தொழிலை நம்பி ரோம் நகரில் குடியேறினார். 1947-இல் அவருடைய முதல் தனிக் கண்காட்சி அந்நகரில் நடைபெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் தாரைப் பூசிப் பார்த்தார். கித்தானின் பின்புறம் மரக்கிளையை வைத்துப் படத்தையே கூன்போல முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார். இறுதியில் அவர் கை சாக்கிடம் வந்து சேர்ந்தது.

சாக்கு வந்த வழி

போர் முடிந்த இத்தாலியில் உணவுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டு நகரங்களின்மீது குண்டு பொழிந்த அமெரிக்காவிலிருந்தே இப்போது உதவிப் பொருள்கள் கப்பலில் வந்து இறங்கின. 1948-இல் தொடங்கிய மார்ஷல் திட்டம் அவ்வுதவியைப் பெருக்கிற்று. தானியமும் சர்க்கரையும் தீர்ந்தபின் எஞ்சியவை வெறுஞ் சாக்குகள். 1949-இல் புர்ரி இயற்றிய சிறு படமொன்றில் அத்தகைய சர்க்கரைச் சாக்கின் துண்டு இடம்பெற்றுள்ளது. அதில் அச்சான எழுத்துகளை அவர் அழிக்கவில்லை. 1950 முதல் சாக்குகளே படத்தின் உடலாயின. அவ்வரிசை முழுவதற்கும் 'சாக்குகள்' என்பதே பெயர்.

சாக்கு என்ற பொருளோடு நம் நாட்டுக்கு நெருங்கிய உறவு உண்டு. அந்நாளில் உலகச் சந்தையில் புழங்கிய சணலின் மிகப் பெரும்பகுதி வங்காளத்து ஆற்றுப் படுகைகளில் விளைந்தது. செடியை அறுத்துக் கட்டுக் கட்டாக நீரில் ஊறப்போட்டு, தண்டு பதமானபின் இடுப்பளவு நீரில் நின்று நாரை உரித்து, அலசி, மூங்கில் கொடிகளில் உலர்த்துவார்கள். 1855-இல் கொல்கத்தாவுக்கு வடக்கே ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை எழுந்தது. அதன்பின் ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் ஆலைகள் வரிசையாகத் தோன்றின. அவற்றில் உழைத்தவர்களுள் மிகப் பலர் பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்தவர்களே. பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, ஆந்திரம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்து ஆலைக் குடியிருப்புகளில் தங்கியவர்கள் அவர்கள். 1947-இல் நாடு பிரிந்தபோது சணல் விளையும் வயல்களுள் பெரும்பாலானவை எல்லைக்கு அப்பாலும், ஆலைகள் இப்பாலும் ஆயின. உலகெங்கும் சரக்குச் சுமந்த சாக்கின் பின்னே இத்தனை மனிதர் கதை இருக்கின்றது.

சொற்களும் இவ்வாறே கடல் கடந்திருக்கின்றன. இத்தாலியர் சாக்கை 'சாக்கோ' என்பார்கள். நம் 'சாக்கு' என்னும் சொல்லும் ஐரோப்பியர் வழியே வந்து நம்மோடு தங்கிவிட்ட அதன் உறவுச் சொல்லே. ஆங்கிலேயர் சாக்குத் துணிக்கு வழங்கும் 'கன்னி' என்னும் பெயரோ நம் நாட்டுக் 'கோணி'யிலிருந்து சென்றது. நாம் கொடுத்ததையும் கொண்டதையும் ஒரே பையில் காண்கின்றோம்.

படத்தில் எதனைப் பார்ப்பது?

புர்ரி நாடியவை புதிய சாக்குகள் அல்ல. சுமந்து தேய்ந்து, கிழிந்து, பெயரறியாத எவரோ முன்பே ஒட்டுப்போட்டு வைத்த பழஞ்சாக்குகளே அவருக்கு வேண்டியிருந்தன. அவற்றை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, சில இடங்களைப் பசையால் ஒட்டி, சில இடங்களைத் தடித்த நூலால் தைத்து, கித்தான்மேல் இழுத்துப் பொருத்தினார். வண்ணம் மிகச் சிறிதே. கறுப்பும் சிவப்பும், எப்போதேனும் ஒரு கீற்றுப் பொன்னிறமும். படங்களுக்கு அவர் இட்ட பெயர்களும் இத்தகையனவே. லண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ள 1954-ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் பெயர் 'சாக்கும் சிவப்பும்'. படத்தில் உள்ளதைச் சொல்லி அத்தோடு நின்றுவிடும் பெயர் அது. கதை தேடுவோருக்கு அங்கு இடமில்லை.

அவ்வாறாயின் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது? முதலாவது, இழை. சாக்கின் நெசவு ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் நைந்து விலகியும் இருக்கும். நெருங்கிய இடம் ஒளியை ஏற்று வெளிறித் தோன்றும். விலகிய இடம் பின்னுள்ள இருளைக் காட்டும். தூரிகையால் ஓவியர் உண்டாக்கும் ஒளி நிழல் வேறுபாட்டை இங்குத் தேய்மானமே உண்டாக்கியிருக்கின்றது. அந்தச் சாக்கைத் தோளில் சுமந்தவரும், தரையில் இழுத்தவரும், மழையில் நனையவிட்டவரும் அறியாமலே அந்த ஓவியத்தில் பங்கு கொண்டவர்கள்.

இரண்டாவது, தையல். கோட்டோவியர் கரிக்கோலால் இழுக்கும் கோட்டை வேண்டாதபோது அழித்துவிடலாம். தையற்கோட்டை அவ்வாறு அழிக்க முடியாது. அதை அறுத்தால் படமே இரண்டாகப் பிரியும். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கடமை அக்கோட்டுக்கு உண்டு. ஆகவே அது வளையும் இடத்தில் ஒரு காரணத்தோடு வளைகின்றது. தடிக்கும் இடத்தில் ஒரு தேவைக்காகத் தடிக்கின்றது. கோணி ஊசியால் மூட்டையின் வாயைத் தைத்தவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள்.

மூன்றாவது, துளை. தட்டையான பரப்பில் ஆழம் இருப்பதுபோல் தோன்றச் செய்யும் வித்தையைப் பதினைந்தாம் நூற்றாண்டில் உலகுக்குக் கற்பித்தவர்கள் இத்தாலிய ஓவியர்களே. நெடுந்தெரு தொலைவில் குறுகுவதும் மண்டபத் தூண்கள் பின்னால் சிறுத்துச் செல்வதும் அவர்களுடைய கணக்கு. அந்த மண்ணிலேயே பிறந்த புர்ரி அவ்வித்தையை ஒதுக்கிவைத்தார். அவர் படத்தில் ஆழம் மெய்யாகவே இருக்கின்றது. சாக்கில் ஓட்டை, ஓட்டைக்குப் பின் கறுப்பு அல்லது சிவப்பு. கண் ஏமாறுவதற்கு அங்கு ஒன்றுமில்லை.

நான்காவது, இழுவை. சட்டத்தில் கட்டப்பட்ட பழந்துணி எங்கும் ஒரேவிதமாக விறைத்து நிற்பதில்லை. ஒட்டுப்போட்ட பகுதி கனத்துத் தொய்யும். நைந்த பகுதி எப்போது கிழியுமோ என்று அஞ்சும்படி நீண்டு மெலியும். கனமும் மெலிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலையே புர்ரி தேடியது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அந்தச் சமநிலை தெரியும். அருகே சென்று பார்த்தால் அதனைத் தாங்கும் ஒவ்வொரு இழையும் தெரியும். இருமுறை பார்த்தாலன்றி இப்படங்கள் பிடிபடா.

எதிர்ப்பும் விளக்கமும்

இப்படங்களை இத்தாலி உடனே வரவேற்கவில்லை. 1953-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுக் கவனம் பெற்றன. ரோம் நகரத்துத் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய பெரிய சாக்குப் படம் ஒன்று வைக்கப்பட்டபோதோ, 1959-இல் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. அந்தக் கோபத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. போரின் வறுமையில் ஒட்டுத்துணி உடுத்து வாழ்ந்தவர் பலர் இருந்த நாடு அது. மறக்க விரும்பிய ஒன்றைப் பெருமைக்குரிய மாளிகையின் சுவரில் கண்டபோது அவர்கள் மனம் புண்பட்டதில் வியப்பில்லை.

ஆதரித்தவர்கள் வேறொரு விளக்கம் தந்தார்கள். புர்ரி போர்க்கள மருத்துவர், ஆகவே கிழிசல்கள் காயங்கள், சிவப்பு இரத்தம், தையல் அறுவை மருத்துவரின் தையல் என்றார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் இவ்விளக்கம் இன்றளவும் பலரால் சொல்லப்படுகின்றது. ஆயின் புர்ரி இதனை ஏற்கவில்லை. தம் படங்களைப் பற்றி அவர் பேசியதே குறைவு. பேசிய சிறிதளவும் வடிவம், இடம், சமநிலை என்பவற்றைப் பற்றியதே. படம் சொல்லாததைச் சொல்லால் நிரப்ப அவர் விரும்பவில்லை.

இவ்விரண்டில் எது சரி? ஏழை ஒருவனின் கந்தலை எண்ணெய் வண்ணத்தால் தத்ரூபமாகத் தீட்டுகின்றார் ஓர் ஓவியர் என்று வைத்துக்கொள்வோம். நாம் அருகில் சென்று, "துணியின் மடிப்பு எவ்வளவு உண்மையாக இருக்கின்றது!" என்று வியக்கின்றோம். வியப்பில் கந்தலை மறந்து கைத்திறனைப் பாராட்டிவிட்டுத் திரும்புகின்றோம். புர்ரி நமக்கு அந்தத் தப்பும் வழியை விட்டுவைக்கவில்லை. அங்கே கந்தலின் சாயல் இல்லை, கந்தலே இருக்கின்றது. அதற்குக் காயம் என்று பெயர் சூட்டினால் அது மற்றொன்றின் உருவகமாகி, மீண்டும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். வடிவம் மட்டுமே என்றால் அது சுமந்த சுமையும் மறைந்துவிடும். கிழிந்தது உண்மை, எவரோ தைத்ததும் உண்மை, அந்த இரண்டையும் ஒழுங்கான ஓரிடத்தில் நிறுத்தி நம்மை நின்று பார்க்கச் செய்ததே புர்ரியின் கலை என்று கொள்வதே பொருத்தமாகும்.

மற்றொரு கேள்வியும் எழும். சாக்கை நெய்த ஆலைத் தொழிலாளி வாழ்நாள் முழுதும் காணாத தொகைக்கு, கோடிக்கணக்கான ரூபாய்க்கு, இன்று இந்தச் சாக்குப் படங்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. வறுமை செல்வர் வீட்டு அலங்காரமாகிவிடவில்லையா என்பது அந்தக் கேள்வி. இதற்கு ஓவியத்தில் விடை தேடுவது வீண். விலை சந்தையின் செயல். அந்த முரண்பாட்டைக் கலை தீர்த்துவைக்காது. ஆயினும் சாக்கின் கரடுமுரட்டை மழுக்கி, சாயமேற்றி, அழகு செய்து விற்கும் எளிய வழியைப் புர்ரி மேற்கொள்ளவில்லை என்பதை அவருக்குச் சார்பாகச் சொல்லவேண்டும். சாக்கு சாக்காகவே இருக்கின்றது.

சாக்கிலிருந்து ஊர் வரை

சாக்கினால் பெயர் பெற்றபின் அவர் அதிலேயே தங்கிவிடவில்லை. 1950-களின் நடுவிலிருந்து நெருப்பையே கருவியாக்கினார். காகிதத்தையும் மெல்லிய மரத்தகட்டையும் எரித்துப் பொருத்தினார். பின்னர் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தார். 1960-களில் பிளாஸ்டிக் தாள்களைத் தீச்சுடரால் உருக்கித் துளையிட்டார். 1970-களில் வெள்ளைக் களிமண்ணையும் பசையையும் குழைத்துப் பூசி, அது உலரும்போது வறண்ட ஏரியின் தரைபோல் வெடிக்கச் செய்து, அவ்வெடிப்புகளையே ஓவியமாக்கினார். இந்த வெடிப்புப் படங்களே அவருடைய மிகப் பெரிய படைப்புக்கு வித்தாயின.

1968 சனவரியில், 14-ஆம் நாளிலும் மறுநாள் விடியலிலும், சிசிலித் தீவின் பெலீச்சே பள்ளத்தாக்கை நிலநடுக்கம் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மலைச்சரிவில் இருந்த ஜிபெல்லீனா என்னும் ஊர் கற்குவியலாயிற்று. பிழைத்தவர்களுக்காகப் பழைய ஊரிலிருந்து தொலைவில் புதிய ஊர் ஒன்றைக் கட்டினார்கள். அதனை அழகு செய்யக் கலைஞர் பலரை நகரத் தலைவர் அழைத்தார். புர்ரியும் அழைக்கப்பட்டார். புதிய ஊரைப் பார்த்தவர், தாம் செய்யத்தக்கது அங்கே ஒன்றுமில்லை என்று கருதி, இடிந்து கிடந்த பழைய ஊரைக் காணச் சென்றார். அங்கேதான் தம் பணி என்று முடிவு செய்தார்.

இடிபாடுகளை ஒதுக்கித் தொகுத்து, அவற்றின்மேல் வெள்ளைச் சிமெண்டு கொண்டு பெரும்பெரும் பாளங்களாக மூடினார்கள். ஒவ்வொரு பாளமும் ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரம். பாளங்களுக்கிடையே மனிதர் நடந்து செல்லத்தக்க பிளவுகள் உள்ளன. பழைய தெருக்களின் போக்கை அவை ஓரளவு நினைவூட்டுகின்றன. பரப்பு ஏறத்தாழ 80,000 சதுர மீட்டர். நம் கணக்கில் 20 ஏக்கர். 1984-இல் தொடங்கிய வேலை 1989-இல் பாதியில் நின்றது. ஓவியர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 2015-இல்தான் முழுமை பெற்றது. புர்ரி அதனைக் காணவில்லை; 1995 பிப்ரவரி 13-ஆம் நாள் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் காலமாகிவிட்டார்.

எதிர்க்குன்றிலிருந்து நோக்கினால், மலைச்சரிவின்மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்தியதுபோல் அது தோன்றுகின்றது. அதன் அடியில் இருப்பவை வீடுகளின் கற்களும், அவற்றோடு நொறுங்கிய தட்டுமுட்டுப் பொருள்களும். சாக்கை வைத்து இளமையில் செய்ததையே முதுமையில் ஓர் ஊரை வைத்துச் செய்தார் எனலாம். சிதைந்ததை அப்புறப்படுத்தவில்லை. புதிதுபோல் திரும்பக் கட்டவுமில்லை. சிதைந்தது என்பது தெரியும்படியே மரியாதை செய்தார்.

அவருடைய சொந்த ஊரிலும் இந்த மனப்பாங்கைக் காணலாம். 1981-இல் அங்குள்ள பழைய மாளிகை ஒன்றில் அவருடைய படங்களுக்கான காட்சியகம் திறக்கப்பட்டது. பெரிய படங்களுக்கு இடம் போதாமையால், கைவிடப்பட்ட புகையிலை உலர்த்தும் கொட்டகைகளையே 1990-இல் இரண்டாம் காட்சியகமாக்கினார்கள். 1966-இல் புளோரன்சு நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது நனைந்த நூலகப் புத்தகங்களை உலர்த்துவதற்கும் உதவிய கொட்டகைகள் அவை.

அகமதாபாதில் ஒரு கந்தல் கூழ்

பழந்துணியைக் கலையாக்கும் இவ்வெண்ணம் நம் நாட்டு மண்ணிலும் ஒருமுறை வந்து பணி செய்தது. அமெரிக்க ஓவியர் இராபர்ட் ரௌஷன்பர்க் 1953-இல் ரோம் நகரில் புர்ரியின் பணிக்கூடத்தைக் கண்டவர். 1955-இல் தையல்விரிப்பு ஒன்றையும் தலையணையையும் சட்டத்தில் பொருத்தி, வண்ணம் தெளித்து, 'படுக்கை' என்னும் படத்தை இயற்றியவர். 1975-இல் அவர் அகமதாபாதுக்கு வந்தார். ஆலை முதலாளிகளும் கலைப்புரவலர்களுமான சாராபாய் குடும்பத்தார் அவரை வரவேற்றார்கள். காந்தியடிகளின் ஆசிரமத்தைச் சார்ந்த கைக்காகிதத் தொழிற்கூடத்தில் அவர் பணி செய்தார்.

அங்கே கந்தலைக் கூழாக்கிக் காகிதம் செய்வது வழக்கம். அந்தக் கூழிலே மூங்கிற் பட்டைகளையும் துணித்துண்டுகளையும் பதித்து ஒரு வரிசைப் படங்களை ரௌஷன்பர்க் படைத்தார். மற்றொரு வரிசைக்காகக் காகிதக் கூழோடு வெந்தயப் பொடி, புளியங்கொட்டை மாவு, சுண்ணப்பொடி, பிசின்பொடி, மயில்துத்தம் ஆகியவற்றைக் கலந்து ஒருவகைச் சேறு பிசைந்தார்கள். புளியங்கொட்டை மாவு நம் ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படுவது. மூங்கிலோடும் கயிறோடும் அந்தச் சேறு அரூபச் சிற்பங்களாயிற்று. அமெரிக்க ஓவியரின் கருத்தும் ஆசிரமத் தொழிலாளரின் கைப்பழக்கமும் நம் அஞ்சறைப்பெட்டிப் பொருளும் அதில் ஒன்றாயின.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதன்று. மகத நாட்டு நெல்வயல்களின் வரப்பமைப்பைப் பின்பற்றித் துண்டு துண்டாகத் தைத்த ஆடையை அணியுமாறு புத்தர் தம் துறவியருக்கு வகுத்தார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. வங்காளத்துப் பெண்டிர் நைந்த புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓடுதையல் இட்டுக் காந்தா செய்வர். பீகாரில் அதற்குச் சுஜனி என்று பெயர். மராட்டியத்தில் கோதடி. நம் தமிழில் வழங்கும் 'கந்தை'யும் 'காந்தா'வும் உறவுடைய சொற்களே. கந்தையையும் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி நமக்கு உண்டு.

எனினும் வேற்றுமை ஒன்றையும் மறைக்கலாகாது. காந்தாவும் கோதடியும் குளிருக்குப் போர்த்துபவை; தைத்தவர் பெயர் அவற்றில் இல்லை. புர்ரியின் சாக்கு இனி அரிசி சுமக்காது. அதில் கலைஞர் பெயர் உண்டு. பயன்பாட்டிலிருந்து நீங்கியதனாலேயே அது பார்வைக்கு முழுதும் உரியதாயிற்று. அவரவர் இல்லத்துப் போர்வையோ, பயன்படும்வரை நம் கண்ணில் படுவதே இல்லை.

நேயர்கள் வாழும் நகரங்களில் நவீனக் கலைக்கூடம் இருப்பின், ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளோடு சென்று வரலாம். அரூப ஓவியத்தின் முன் நின்று, "இது என்ன?" என்று குழந்தை கேட்டால், "எதனால் செய்திருக்கின்றார்கள், எதனோடு எது சேர்ந்திருக்கின்றது, எங்கே கனக்கின்றது என்று பார்" என விடை சொல்லலாம். கலைக்கூடம் தொலைவென்றால் அதனாலும் குறையில்லை. பக்கத்து வீட்டு மராத்திய அம்மையாரிடமோ வங்காளப் பாட்டியிடமோ ஒரு பழைய விரிப்பு இருக்கும். ஊரிலிருந்து வந்த நம் பெட்டியின் அடியிலும் ஒட்டுப்போட்ட துணி ஒன்று கிடக்கலாம். அதனை வெளிச்சத்தில் பிடித்து, இழை விலகிய இடத்தையும் தையல் திரும்பிய இடத்தையும் சிறிது நேரம் பார்த்தால், புர்ரி எதனைக் கண்டார் என்பது விளங்கும்.